பிற்பகலில் மட்டும் ஒன்பது வாட்

1

இந்தக் கதை ஒரு கோட்டிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டின் ஒரே லேப்டாப் நிமிடத்துக்கு நிமிடம் எத்தனை வாட் மின்சாரம் தின்கிறது என்று காட்டும் கோடு. மகள் எடுத்து நீட்டினாள். நாள் முழுக்க இருபத்தைந்தில் நிமிர்ந்து நடக்கிற கோடு, பிற்பகல் மூன்று மணிக்குத் தொப்பென்று ஒன்பதில் விழுகிறது. ஐந்துக்கு எழுந்துகொள்கிறது. மூன்று நாளாக இதே கதை.

"நான் வெளிய போற நேரமாப் பாத்து யாரோ கை வைக்கிறாங்கப்பா," என்றாள்.

கதை எழுதுகிறவனிடம் சொல்லக்கூடிய வாக்கியமா அது? வழக்கம்போல் மூன்று மணிக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிட்டேன். அது ஒரு பக்கம் அவள் வேலையைப் பார்க்கட்டும், நான் ஒரு பக்கம் துப்பறிகிறேன்.

2

(கைவிட்ட தொடக்கம்: "அந்த இயந்திரத்துக்கு ஓர் எதிரி இருந்தான். அவன்" – யாரென்று தெரியாததால் அங்கேயே நிற்கிறான்.)

விஷயம் இதுதான். மகள் கட்டடக்கலை படித்தவள். தான் வடிவமைத்த நூலகத்துக்குள் நடந்துபோவதுபோல ஒரு நிமிட வீடியோ செய்து வெள்ளி பகல் பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும். பிடித்துப்போனால் வேலை, ரயிலில் எட்டு மணி நேரத் தொலைவில். வீடியோவின் ஒவ்வொரு படத்தையும் வெளிச்சம், நிழல் எல்லாம் கணக்குப் போட்டு லேப்டாப்தான் தீட்ட வேண்டும். அதுவோ சிக்கன ரகம். பிராசஸர் பதினைந்து வாட்டைத் தாண்டக் கூடாதென்று செய்தவர்களே கடிவாளம் போட்டிருந்தார்கள். என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கணினி பழுதுபார்க்கிறவன், அதை இருபத்தைந்துக்குத் தளர்த்தினான். சூடு தணிய, லேப்டாப்பின் அடியில் காற்றுப் போக மேசையில் இரண்டு மரக்கட்டை, பக்கத்தில் ஒரு மின்விசிறி.

3

முதல் சந்தேகம் மச்சான்மேல். காபிகூடக் குடிக்காமல் வேலையை முடித்துவிட்டுப் போகிறவனை எப்படி நம்புவது? ஆனால் அவன் ஊரிலேயே இல்லை. பாத்திரத்தைக் கதையிலிருந்து அடித்துவிட்டேன்.

அடுத்தது மனைவி. "அவ்வளவு தூரம் போய்த்தான் நூலகம் கட்டணுமா?" என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நேற்று மூன்றரைக்கு என் பக்கத்தில் வந்து, காய்ச்சல் பார்ப்பதுபோல லேப்டாப்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.*

நைசாகக் கேட்டுப் பார்த்தேன்.

"அவ போறது பிடிக்கலைன்னா அவகிட்டயே சொல்லுவேன். சொல்லியும் ஆச்சு," என்றாள். "மிஷினைக் கெடுக்கிற புத்தியெல்லாம் கதை எழுதுறவங்களுக்குத்தான் வரும்."

(* அப்போது லேப்டாப் எங்கே இருந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.)

4

இன்று வியாழன். மகள் நான்கு மணிக்கே திரும்பிவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"மாமாகிட்ட போன்ல பேசினேன். அதுக்குள்ள ஒரு சென்சார் இருக்காம். மேசையில இல்ல, யார் மடியிலயோ இருக்கோம்னு தெரிஞ்சா, தொடை சுடக் கூடாதுன்னு தானாவே வாட்டைக் குறைச்சுக்குமாம்."

சொல்லிவிட்டு என் மடியைப் பார்த்தாள். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவியும் அங்கேயே பார்த்தாள்.

"சுடலையேப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மகள் உள்ளே போனாள்.

5

ஆக, குற்றவாளி ஆசிரியர். பாவம், தெரியாமல் செய்துவிட்டார் என்று முடிக்கலாம். வாசகர்கள் சிரித்துவிட்டு மன்னிப்பார்கள்.

ஆனால் அந்த ஆளை எனக்குத் தெரியும். நம்பச் சிரமமாக இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் நோட்டும் பேனாவும் இருந்தன. மூன்று நாளாக அவற்றை ஏன் தொடவில்லை? சரி, அது பழக்கதோஷம். இந்த ஐந்தாம் பகுதியை எதில் எழுதிக்கொண்டிருக்கிறான்? தொடை இளஞ்சூடாக இருக்கிறது. சின்ன வயதில் மகள் இந்த மடியில் தூங்கும்போது இருந்த அளவு சூடு, அதற்கு

(அந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். அதை வைத்து உங்களிடம் தப்பிக்கப் பார்க்கிறேன்.)

இன்னும் முந்நூற்று நாற்பது படங்கள் பாக்கி. கணக்குப் போட்டுவிட்டேன்: இனி ஒன்றரை மணி நேரத்துக்குமேல் இது என் மடியில் இருந்தால் நாளை பன்னிரண்டு மணி கைவிட்டுப் போகும். எனக்கோ முடிவு எழுத இரண்டு மணி நேரமாவது வேண்டும். ஆகவே முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், தயவுசெய்து தாளில். அந்த ஆள் எழுந்தானா இல்லையா என்பதில் உங்கள் சந்தேகம் எதுவானாலும் எனக்குச் சம்மதம். நான் இதை மரக்கட்டைகள்மேல் வைத்து விசிறியைத்