எதிலும் சேராத பிளக்

மீட்டர் நூற்றிருபது ஓம் காட்டியது. அறுபது காட்டியிருக்க வேண்டும்.

ஜீவிதா மீட்டர் முனைகளைத் துடைத்து, மஞ்சள் ஒயரிலும் பச்சை ஒயரிலும் மறுபடி வைத்தாள். அதே நூற்றிருபதுதான்.

குப்பை வண்டி ஷெட்டின் மூலையில் கிடந்தது. லாரி இடித்ததில் பின்பக்கத் தொட்டி மடிந்து உள்ளே போயிருந்தது. தண்ணீர் அடித்துக் கழுவியும் அழுகின சாமந்தி வாடை போகவில்லை. கோயில் தெருக்களின் மாலைகளைத் தினமும் அள்ளிய வண்டி.

ஷெட்டு வாசலில் ராமராஜன் குந்தியிருந்தான். இந்த வண்டியின் டிரைவர். நெற்றியில் தையல் பிரித்த தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. செவிலிமேட்டு ரோட்டில், ஓடிக்கொண்டிருந்த வண்டி நடுவழியில் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரன் பிரேக் அடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பின்படியில் நின்றுவந்த பொன்னியம்மாள் அங்கேயே செத்தாள். ராமராஜனின் பெண்டாட்டி. இரண்டு பேரும் ஒரே வண்டியில் வேலை.

போன் பேசுவதற்காக நடுரோட்டில் சாவியை அணைத்துவிட்டான் என்று கான்ட்ராக்ட் கம்பெனியில் சொன்னார்கள். பேச்சு காலனி முழுக்கப் பரவியது. காரியத்தன்று பொன்னியம்மாளின் தம்பி ஆனந்தராஜ், "எங்க அக்காவ கொன்னுட்டு சோறு துன்னுக்கினு இருக்கியா" என்று அவன் இலையை இழுத்து எறிந்தான். சாவியை அணைத்தோமா இல்லையா என்று ராமராஜனுக்கே நிச்சயமில்லை.

"போன் அடிச்சது நெசம்மா. எடுத்தேன். இன்னொரு கை எங்க போச்சுன்னு எவ்ளோ யோசிச்சாலும் வர மாட்டேங்குது. சாவி மேல போயிருக்குமோ?"

"இரு மாமா. பாத்துக்கினுதானே இருக்கேன்."

ஜீவிதா அடுத்த தெருப் பெண். டிப்ளமா முடித்துவிட்டு இந்த ஷெட்டில் பேட்டரி வண்டிகளின் போர்டுகளைப் பழுது பார்க்கிறாள். கன்ட்ரோலர் போர்டைக் கழற்றி லேப்டாப்பில் மாட்டினாள். வண்டி நிற்கும்போது என்ன நடந்தது என்பதை அந்த போர்டு பதிந்து வைத்திருக்கும். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள்.

"மாமா, சாவி ஆன்லதான் இருந்துச்சு."

ராமராஜன் எழுந்துவிட்டான்.

"நீ அணைக்கல. பேட்டரியும் இந்த போர்டும் ரெண்டு ஒயரு வழியா பேசிக்கினே இருக்கும். கேன் லைனுன்னு சொல்லுவோம். அந்தப் பேச்சு அறுந்துபோச்சு. பேட்டரி கிட்டருந்து பேச்சு வரலன்னா போர்டு பயந்துக்கினு மோட்டாரை நிறுத்திடும். அதான் நின்னுது."

"நெசமாவா?"

"உன் மேல சத்தியமா."

அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "ஆனந்தராஜுக்கு ஒரு போன் போட்டு இத சொல்றியாமா? நான் போட்டா எடுக்க மாட்டான்" என்றான்.

"சொல்றேன். ஏன் அறுந்துச்சுன்னு கேப்பான். அத பாத்துட்டு போடறேன்."

போர்டிலிருந்து பின்பக்கம் வரைக்கும் ஒயரைத் தடவிக்கொண்டே போனாள். தொட்டிக்கு அடியில் ஒயர் முடிந்தது. லாரி இடித்து அறுந்தது இல்லை. கத்தி வைத்து வெட்டிய மாதிரி சாய்வாக, சுத்தமாக இருந்தது. வெட்டிப் பல நாள் ஆனதுபோல் உள்ளே செம்பு கறுத்திருந்தது.

"மாமா, இங்க கறுப்பா ஒரு பிளக்கு இருக்கணுமே. விரல் முனை அளவு. ஒண்ணுலயும் சொருகாம சும்மா தொங்கும்."

"அதுவா!" ராமராஜன் முகத்தில் அவ்வளவு நாள் கழித்து ஒரு வெளிச்சம் வந்தது. அவனுக்குத் தெரிந்ததைக் கேட்டுவிட்டாள். "கிளிப்பு ஒடஞ்சி கீழ தொங்கிக்கினு இருந்துச்சுமா. மூட்ட ஏத்தறப்பல்லாம் பொன்னியம்மா புடவைல மாட்டும். சூப்பர்வைசர் முருகேசன் சாருகிட்ட சொன்னோம். அடுத்த சர்வீஸ்ல பாக்கலாம்னாரு. இவளுக்கு ஏது பொறுமை? சாக்கு அறுக்கிற கத்தியால ஒரே இழு. 'ஒண்ணுலயும் சேராம சும்மா தொங்குது பாரு, உன்ன மாதிரி'ன்னா. சொல்லிட்டு என்னா சிரிப்பு சிரிச்சா தெரியுமா."

அவனும் சிரித்தான். ஜீவிதா சிரிக்கவில்லை.

"ஏம்மா? சும்மா ஒயருதானே அது?"

அவள் டப்பாவில் தேடி ஒரு சின்ன ரெசிஸ்டரை எடுத்தாள். வெட்டுப்பட்ட முனையில் அதை வைத்து அழுத்தினாள். மீட்டர் அறுபதுக்கு இறங்கியது. எடுத்தாள். நூற்றிருபது. அவன் மீட்டரில் மாறும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த பிளக்குக்குள்ள இதுதான் மாமா இருக்கும். ஒயரோட முனைக்குப் போன பேச்ச அங்கியே நிறுத்தும். இது இல்லன்னா முனைல மோதி திரும்பி வந்து, பேசற பேச்சோட கொழம்பிக்கும்."

"ஆனா அறுத்த அப்புறமும் வண்டி ஓடுச்சேமா."

"ஓடும். லோடு ஏறி மோட்டார் முக்கி இழுக்கறப்போ கொழப்பம் ஜாஸ்தியாவும். ஒரு நாள் நின்னுடும்."

ராமராஜன் மறுபடி குந்தினான். பொன்னியம்மாள் கத்தியை இழுத்ததை அவன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். சேர்ந்து சிரித்திருக்கிறான்.

வெளியே பைக் வந்து நின்றது. கம்பெனி சூப்பர்வைசர் முருகேசன், ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தான்.

"என்னம்மா, வண்டிக்கு ஒண்ணும் இல்ல, ஆளுக்குத்தான் கோளாறுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்தா நான் கெளம்பிடுவேன்."

"சாவி ஆன்லதான் இருந்துச்சு சார். பின்னாடி ஒயரு முனைல பிளக்கு இல்ல."

"இல்லன்னா? எவன் புடுங்கினான்?"

ஜீவிதா வாயைத் திறப்பதற்குள் ராமராஜன் எழுந்து நின்றான்.

"நான்தான் சார் அறுத்தேன்."

"மாமா!"

"நீ சும்மா இரும்மா. கால்ல மாட்டிக்கினே இருந்துச்சு சார். அறுத்து குப்பைல போட்டேன்."

முருகேசன் ஜீவிதாவைப் பார்த்துக் கையை விரித்தான். "பாத்தியா? நான் அன்னிக்கே சொன்னேன்."

"கிளிப்பு ஒடஞ்சதுன்னு உங்ககிட்ட சொன்னாங்களாம். அதையும் எழுதுவேன்."

"எழுதிக்கோ. கத்திய நானா குடுத்தேன்?" அவன் வெளியே போய் பைக்கில் சாய்ந்து போன் பேச ஆரம்பித்தான்.

"ஏன் மாமா? இப்பதானே உன் மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சுது."

"செத்துட்டா. திரும்பி வந்து பதில் சொல்லுவாளா? அவளே அறுத்து அவளே செத்தான்னு ஊரு பேசும். உசுரோட இருக்கறவன் நான் கேட்டுக்கினு போறேன். என் பேரையே எழுதும்மா."

ஆனந்தராஜின் நம்பரைக் கேட்க ஜீவிதா போனைக் கையில் எடுத்தாள்.

ராமராஜன் அதைப் பார்த்தான்.

"அவனுக்குப் போட வேணாம்மா" என்றான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முருகேசனைத் தாண்டி ரோட்டில் இறங்கி நடந்தான்.