மூன்றாம் அலமாரியில் பூக்கும் செடி

தாவரக் காப்பகத்தின் மூன்றாம் அலமாரியில், அழுத்திக் காயவைத்து அட்டையில் தைத்த செடி ஒன்று, ஆற்றில் புதுவெள்ளம் வரும் வாரத்தில் ஆண்டுதோறும் ஈரமாகி, ஒன்பது நாள் பூத்து, பத்தாம் நாள் பழையபடி காய்ந்துவிடும். அந்த ஒன்பது நாளும் அலமாரிக்கு அடியில் ஒரு வாளி வைக்க வேண்டும். காலையில் வைத்தால் மாலைக்குள் பாதி நிறையும். முதல் ஆண்டு கூரைதான் ஒழுகுகிறதென்று கொத்தனாரை அழைத்தார்கள். அவர் கூரையைத் தட்டிப் பார்த்து, ஒழுக்கு அலமாரிக்குள் இருக்கிறது, அது தன் வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

செடியைக் கொண்டுவந்தவர் காப்பகத்தின் சேகரிப்பாளர். அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது. அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தார். இவளுக்கு வரும் மாப்பிள்ளை வேரோடு வர வேண்டும், இல்லாவிட்டால் ஏற்கமாட்டாள் என்று அண்ணி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். ஆற்றுக்கு நீர் கொடுக்கும் மலைச்சரிவு முழுவதும் என்னென்ன மரம், செடி, கொடி உண்டென்று பட்டியல் எடுக்க ஐந்து ஆண்டு கொடுத்திருந்தார்கள். நான்கு ஆண்டில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் சேர்ந்திருந்தது. போகவர ஒரு படகோட்டி. எந்தக் கரையில் நின்று கூப்பிட்டாலும் அவர் அடுத்த கரையில் இருப்பார் என்பதால் அவருக்கு மறுகரை என்று பெயர்.

கடைசி ஆண்டு, படகு போகும் தூரம் போய், அதன்பின் இரண்டு நாள் நடந்து, ஒரு கிளை ஓடையின் நனைந்த பாறையில் அந்தச் செடியைப் பார்த்தார்கள். உள்ளங்கை அளவுதான். ஊதாப் பூ. அந்தப் பாறையில் மூன்று இருந்தன, சுற்றிலும் வேறெங்கும் இல்லை.

“மூணே மூணுதாம்மா இருக்கு,” என்றார் மறுகரை. “காய் விட்டு விதை விழட்டும். அடுத்த வருஷம் நானே கூட்டிட்டு வர்றேன்.”

“அடுத்த வருஷம் அனுமதி கிடைக்குமோ என்னமோ அண்ணே. இங்க மூணு இருந்தா மேல முப்பது இருக்கும்.”

மேலே ஏறிப் பார்க்க அவர்களிடம் அரிசி இல்லை. விதிப்படி மூன்று பிரதி வேண்டும்: காப்பகத்துக்கு ஒன்று, தலைமையகத்துக்கு ஒன்று, வெளிநாட்டுக் காப்பகம் ஒன்றுக்கு ஒன்று. வேர் அறுபடாமல் மூன்றையும் பெயர்த்தெடுக்கப் பத்து நிமிடம் ஆனது. மறுகரை தாள்களைப் பிடித்துக்கொண்டார்.

உலகத்துக்குப் புதிய செடி என்று முடிவாகி, அதற்குச் சேகரிப்பாளரின் பெயரையே வைத்தார்கள். அண்ணி தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்தார். அனுமதி கிடைத்தது, அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் இருவரும் போய் மேலோடை, கீழோடை, பக்கத்து ஓடை எல்லாம் தேடினார்கள். மூன்றாம் ஆண்டு மேற்சரிவில் காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள், ஓடை வற்றியது. அழிந்துபோனவை பட்டியலின் ஆறாவது வரியில் சேகரிப்பாளர் தன் பெயரைப் படித்தார். அந்த வாரம்தான் அலமாரியிலிருந்து முதல்முதலாகத் தண்ணீர் சொட்டியது. மற்ற இரண்டு பிரதியும் பூத்தனவா என்று எழுதிக் கேட்டார்கள். தலைமையகம் பதில் போடவில்லை. வெளிநாட்டார் தங்கள் அலமாரியில் ஈரப்பதம் சரியாகவே இருக்கிறது என்று எழுதினார்கள்.

பூத்திருந்த செடியை அட்டையோடு எடுத்துக்கொண்டு, சேகரிப்பாளரும் மறுகரையும் இன்னும் நீரோடும் வேறோர் ஓடைக்குப் போனார்கள். நூலை வெட்டி வேரைப் பாறையில் வைத்தார்கள். பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட உட்காருவதற்குள் செடி பழுப்பாகி ஓரம் உதிர்ந்தது. மறுபடி அட்டையில் வைத்ததும் பச்சை திரும்பியது.

“அதுக்குக் காகிதம் பழகிடுச்சும்மா,” என்றார் மறுகரை.

திரும்பும் வழியில், பல நாள் மனதில் கிடந்ததைச் சேகரிப்பாளர் கேட்டுவிட்டார். “நான் அன்னிக்கு விட்டுட்டு வந்திருந்தா, இருந்திருக்குமாண்ணே?”

“ஓடையே போயிடுச்சு. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க.” படகு ஒரு வளைவு தாண்டியது. “ஆனா ரெண்டு வருஷம் விதை விழுந்திருக்கும். தண்ணி அதை எங்கயாவது கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும்.”

அதன்பின் அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. சேகரிப்பாளர் கல்யாணம் செய்துகொண்டார், ஒரு மகள் பிறந்தாள், தலைமுடி நரைத்தது, காப்பகத்துக்குப் பொறுப்பாளர் ஆனார். பூக்கும் ஒன்பது நாளும் அலமாரியில் பூச்சி உருண்டை வைப்பதை நிறுத்தி, சன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார். பதினொன்றாம் ஆண்டு ஒரு சாம்பல் நிற அந்துப்பூச்சி வந்து இரண்டு பூவில் உட்கார்ந்து போனது. பதினான்கு விதை கிடைத்தன. பத்து விதையை மண்ணிலும் மணலிலும் பாசியிலும் போட்டார்கள், ஒன்றும் வரவில்லை. நனைத்த செய்தித்தாளில் வைத்த நான்கும் முளைத்தன. வானிலைப் பக்கத்தில் நன்றாகவும் விளையாட்டுப் பக்கத்தில் சுமாராகவும் வளர்ந்தன. ஆண்டுக்காண்டு பெருகி முப்பத்தெட்டு அட்டைகள் ஆயின. பட்டியலைத் திருத்தியபோது, இருப்பவை, அழிந்தவை என்ற இரண்டில் எதிலும் சேராததால் தட்டச்சர் ‘அலமாரியில் உள்ளது’ என்று அடித்தார். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

மறுகரைக்குக் கண் மங்கத் தொடங்கிய ஆண்டு, சேகரிப்பாளர் வண்டி அனுப்பி அவரை வரவழைத்தார். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். முப்பத்தெட்டு அட்டைகளையும் நீள மேசையில் பரப்பியிருந்தார்கள். எல்லாம் ஊதாவாக இருந்தது. வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

“நல்லாருக்கு,” என்றார். “ஆனா ஓடைச் சத்தம் இல்லையேம்மா.”

சேகரிப்பாளர் அவரை வண்டி வரை கொண்டுவிட்டுத் திரும்பி வந்து, அறை மூலையில் கைகழுவும் குழாயைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அன்றுமுதல் அந்த ஒன்பது நாளும் குழாய் ஓடுகிறது. தண்ணீர் வீணாவதாக நிர்வாகப் பிரிவிலிருந்து இருமுறை கடிதம் வந்தது. கடிதங்கள் கோப்பில் இருக்கின்றன. குழாயை யாரும் மூடவில்லை.