மேஸ்திரியின் ஸ்டார் கீ

பெட்டி மடிக்கும் இயந்திரம் மறுபடியும் அட்டையை விழுங்கிவிட்டு நின்றது. அங்கே வேலை பார்த்த அக்கா தங்கையில் பெரியவள் சுவிட்சை அணைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முன்பு இயந்திரத்தின் மூடியில் இருந்தவை அறுகோணக் குழி ஸ்க்ரூக்கள். அவற்றைத் திருக ஆளுக்கொரு ஆலன் கீ சாவிக்கொத்து வைத்திருந்தார்கள். மூடியைக் கழற்றி, உருளையின் கொக்கியைத் தூக்கிவிட்டு, அட்டையை உருவிவிடுவார்கள். கண்டவர்கள் திறக்கக் கூடாதென்று நிர்வாகம் நட்சத்திரக் குழி வைத்த ஸ்டார் ஸ்க்ரூ போட்டது. அதன் சாவி மேஸ்திரியின் இடுப்பில். மேஸ்திரி எப்போதும் வேறெங்கோ. அதனால் மூடிக்குக் கீழே உள்ள சந்தில் கைவிட்டு இழுக்கும் பழக்கம் வந்தது. கொக்கியைத் தூக்காமல் இழுத்தால், சுவிட்சை அணைத்திருந்தாலும் உருளை ஒரு சுற்றுச் சுற்றித்தான் ஓயும். இந்த இடத்தில் முன்பு இருந்தவள் வேலையைவிட்டுப் போனபோது அவள் வலது கையில் மூன்று விரல்கள்தான்.

"என்னம்மா, கல்யாணத்துக்கு வந்த மாதிரி உக்காந்திருக்க?" மேஸ்திரி வந்துவிட்டார்.

"சாவி குடுங்கண்ணே. திறந்து எடுத்துடறேன்."

"திறந்து மூடறதுக்குள்ள விடிஞ்சிடும். சந்துல கைய விட்டு இழு."

"மாட்டேன்."

தன் குரல் நடுங்காதது அவளுக்கே வியப்பாக இருந்தது. வேலை போய்விடுமே என்ற பயம், இத்தனை நாள் நினைத்து நினைத்தே தேய்ந்துபோயிருந்தது.

மேஸ்திரி பசை மேசைப் பக்கம் திரும்பினார். அங்கே அவள் தங்கை. பெரியவள்தான் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துவிட்டிருந்தாள்.

"நீ வா பாப்பா. உனக்குத்தான் பூ மாதிரி கை. மகாராணி எழுந்திரிக்க மாட்டாங்களாம்."

சின்னவள் எழுந்துவிட்டாள்.

"உக்காருடி!"

பெரியவள் பையிலிருந்து பழைய ஆலன் கீ கொத்தை எடுத்தாள். முதல் சாவி நட்சத்திரக் குழியில் தொளதொளவென்று ஆடியது. அடுத்த அளவை வைத்து, பக்கத்தில் கிடந்த சுத்தியலால் அடித்து இறக்கித் திருகினாள். குழியின் முனைகள் மழுங்கின. ஸ்க்ரூ கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது.

"அடிப்பாவி, ஸ்க்ரூ போச்சு!"

"ஸ்க்ரூ கடையில கிடைக்கும்ணே. வெரலு கிடைக்குமா?"

நான்கையும் கழற்றினாள். கொக்கியைத் தூக்கி, கசங்கிய அட்டையை உருவி அவர் கையில் கொடுத்தாள்.

மறுநாள் வாசலிலேயே பையைச் சோதித்துச் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்கள். அக்காவுக்கும் தங்கைக்கும் கூட்டுகிற வேலை. மூடியில் நான்கு புது ஸ்டார் ஸ்க்ரூக்கள் பளபளத்தன. சந்து அப்படியே இருந்தது.

இயந்திரம் நின்ற சத்தம் கேட்டதும் பெரியவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் இடத்தில் புதிதாக உட்கார்ந்திருந்தவள், கை வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி இயந்திரத்தின் மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.