எண்பத்தைந்தில் விழுந்தவர்கள்

இராயபுரம் மேற்கு மாதா கோவில் தெருவில், கயிற்றுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஜெமிமா ஸ்டுடியோவின் படங்களில் இறந்தவர்கள் விழத் தொடங்கியது 2018ஆம் ஆண்டு ஜூலை மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. அன்று தண்ணீர் லாரி வரவில்லை என்பதால் தெருவில் பலருக்கும் அந்த நாள் நினைவிருக்கிறது.

ஜெமிமாவின் அப்பா நாசரேத்திலிருந்து வந்து, நைலான் கயிறும் வலைக்கான மிதவைகளும் மொத்தமாக விற்றவர். மகள் கல்லாவில் உட்காருவாள் என்று கடைசிவரை எதிர்பார்த்தார். அவளோ முப்பதாவது வயதில், மாடியில் வலை மூட்டைகள் அடுக்கியிருந்த பன்னிரண்டடி அறையைக் காலி செய்து, சுவருக்கு வெள்ளையடித்து, சாம்பல் நிறத் திரை ஒன்றைத் தொங்கவிட்டு ஸ்டுடியோ ஆக்கிவிட்டாள். கேமராவோடு வந்த ஜூம் லென்ஸில் எடுத்த முகங்கள் எல்லாம் ரேஷன் கார்டில் ஒட்டுவதற்கென்றே பிறந்தவை போலத் தட்டையாக இருந்தன. அவளுக்கு முகத்தை முகமாக எடுக்க வேண்டும். அதற்கு ஜூம் ஆகாத ஒற்றை லென்ஸ் வேண்டும் என்று படித்திருந்தாள். லென்ஸ் நகராது, எடுப்பவர்தான் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். அதைத் தேடித்தான் மண்ணடிக்குப் போனாள். அங்கே ஒரு குறுகலான மாடிப்படியின் முடிவில், கேமரா ரிப்பேர் பார்த்த கணவர் இறந்த பிறகு அவருடைய கடையைத் தனியாக நடத்திவந்த தாஹிரா, ஐம்பது, எண்பத்தைந்து, நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர் என்று மூன்று பழைய லென்ஸ்களை எடுத்துக் கண்ணாடி மேசையில் வரிசையாக வைத்தாள்.

"அம்பது வாங்கினா ஆளுக்குக் கிட்ட போவணும். நாலடி. மூக்கு முன்னாடி வந்துடும், காது பின்னாடி போயிடும். நூத்தி முப்பத்தஞ்சு வாங்கினா உன் ரூமு பத்தாது, செவுத்த இடிக்கணும். எம்பத்தஞ்சுதாம்மா மூஞ்சிய உள்ளபடி காட்டும்" என்றாள் தாஹிரா. பிறகு அந்த எண்பத்தைந்தைக் கையில் எடுத்துத் துணியால் துடைத்தபடி, "ஒண்ணு சொல்லிடறேன். இத மூணு பேர் வாங்கிட்டுப் போயி திருப்பிக் குடுத்துட்டாங்க. கண்ணாடில பழுது ஒண்ணும் கெடையாது" என்றாள். ஏன் திருப்பிக் கொடுத்தார்கள் என்று ஜெமிமா கேட்டதற்கு, "நான் கேக்கல. கேட்டா சொல்லிடுவாங்களேன்னு கேக்கல" என்று பதில் வந்தது. ஜெமிமா எண்பத்தைந்தையும், சின்னதாக இருக்கிறதே என்று ஐம்பதையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலிருந்து ஓய்வு பெறவிருந்த முப்பிடாதி என்பவர்தான் எண்பத்தைந்தின் முன் முதலில் உட்கார்ந்தவர். பாராட்டு விழா பேனருக்குப் படம் வேண்டும் என்று வந்திருந்தார். ஜெமிமா முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் நகர்ந்து, லென்ஸை முழுதாகத் திறந்து எடுத்தாள். அப்படி எடுத்தால் கண்கள் கூர்மையாக விழும், காது மடலே மெல்லக் கரையத் தொடங்கும், அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் மார்கழிப் பனியில் தெரியும் தெருவிளக்கு மாதிரிக் கலைந்துவிடும். அந்த லென்ஸுக்குப் பெருமையே அதுதான். ஆனால் கலைந்துபோயிருக்க வேண்டிய இடத்தில், இமை மயிரை எண்ணும் அளவுக்குத் தெளிவாக, பாவாடை தாவணியில் ஒரு பெண் நின்றிருந்தாள். கேமராவைப் பார்க்கவில்லை. முப்பிடாதியின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பிடாதி கம்ப்யூட்டர் திரையருகே குனிந்து நெடுநேரம் பார்த்தார். "எந்தங்கச்சி. பதினாறு வயசுல மஞ்சக்காமாலைல போனா. அவள போட்டோவே எடுத்ததில்ல" என்றார். பிறகு, தன்னை வெட்டிவிட்டு அவளை மட்டும் பெரிதாகப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பேனருக்கு வேறு எங்கோ படம் எடுத்துக்கொண்டார்.

ஜெமிமா மறுநாளே லென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கீழே படிக்கட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தவள். முப்பிடாதியின் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளாம். எட்டு மாதத்தில் போன குழந்தையைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். எடுத்த படத்தில் அவள் மட்டும்தான் இருந்தாள். பின்னால் வெறும் சாம்பல். ஜெமிமா சற்று யோசித்து, கேமராவை இடுப்பளவுக்கு இறக்கி மறுபடி எடுத்தாள். குழந்தை தரையில் இருந்தது. ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையை அம்மாவின் புடவை விளிம்பை நோக்கி நீட்டியபடி இருந்தது. அதற்குப் பிறகு ஜெமிமா மண்ணடிக்குப் போகவில்லை.

நாலைந்து மாதத்தில் விஷயங்கள் பிடிபட்டன. ஐம்பதில் எடுத்தால் யாரும் வருவதில்லை, அந்த நெருக்கத்தில் மூன்றாம் ஆளுக்கு இடமில்லை. எண்பத்தைந்தில் எடுத்தால், உட்கார்ந்திருப்பவர் யாரை இழந்தாரோ அவர் வருவார். பலரை இழந்தவருக்கும் ஒருவர்தான் வருவார், அது யார் என்பது படம் எடுத்த பிறகே தெரியும். பெரும்பாலும் அம்மாவை எதிர்பார்த்து வந்தவருக்கு, அவர் யாரிடமும் சொல்லாத ஒருவர் வந்து நிற்பார். அப்படிப்பட்ட படங்களை ஜெமிமா உறைக்குள் போட்டு, மனைவியின் கையில் கொடுக்காமல் அவரிடமே கொடுத்தாள். பங்குச் சாமியார் ஒருமுறை வந்து உட்கார்ந்தார், படத்தை அங்கியின் உள்பையில் வைத்துக்கொண்டு போனார், பிரசங்கத்தில் இதைப் பற்றி ஆதரவாகவும் பேசவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் புறப்படும்போது, ஜெமிமாவிடம் ஒருமுறையும் சாம்பல் திரையைப் பார்த்து ஒருமுறையுமாக இரண்டு தடவை வரேன் சொல்வது வழக்கமாயிற்று. திரையின் கீழ் ஓரம் எந்தக் கோடையிலும் ஈரமாகவே இருந்தது. ஜெமிமா காலையில் கதவைத் திறந்ததும் முதலில் ஜன்னலைத் திறப்பாள், பிறகு கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றுவிட்டுத்தான் உள்ளே போவாள். அந்த ஸ்டூலில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

இருதயம்மாள் அந்தத் தெருவுக்குத் தினமும் மீன் கொண்டுவந்து விற்கிறவள். அவளுடைய ஒரே மகன் ஜெரி, 2016 நவம்பரில் காசிமேட்டிலிருந்து ஆறு பேரோடு படகில் போய், நான்காம் நாள் வந்த புயலுக்குப் பிறகு திரும்பவில்லை. அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. படகின் ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை. மற்ற ஆறு வீடுகளிலும் ஒரு வருடத்துக்குள் பூசை வைத்து முடித்துவிட்டார்கள். இருதயம்மாள் மட்டும் எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்க மாட்டேன் என்றுவிட்டாள். காத்திவாக்கத்திலிருந்து ஜெரியைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த மோகனப்ரியா, மாமியாரோடு அதே வீட்டில் இருந்தாள். திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் கணக்குப் பார்க்கும் வேலைக்குப் போய்வந்தாள். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் உச்சிமாகாளி அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

2022ஆம் ஆண்டு பெரிய வெள்ளிக்கு முந்தைய வாரம், மோகனப்ரியா வேலைக்குப் போகும் வழியில் ஸ்டுடியோவுக்கு ஏறிவந்தாள். நாளைக்கு அத்தையை அழைத்துவருவதாகவும், எண்பத்தைந்தில்தான் எடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். "செத்துட்டார்னா செத்துட்டார்னு தெரியட்டும்க்கா. அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் பொண்டாட்டியும் இல்ல, தாலி அறுத்தவளும் இல்ல. இன்னான்னு சொல்லிக்கினு நிக்கிறது?" என்றாள். அவள் போன ஒரு மணி நேரத்தில் இருதயம்மாள் கூடையோடு கீழே வந்து நின்று, மேலே பார்த்துக் கூப்பிட்டாள். "நாளைக்கு அந்தப் பொண்ணு கூட்டாருதாம். வரேன். ஆனா என்ன அந்தப் பெரிய கண்ணாடில புடிக்காத கண்ணு. சின்னதுல புடி. உனுக்குப் புண்ணியமாப் போவும்." ஜெமிமா இருவருக்கும் தலையாட்டியிருந்தாள். அன்று முழுதும் வேறு எந்த வேலையும் ஓடவில்லை. ஐம்பதை மாட்டினால் மோகனப்ரியா இன்னும் எத்தனை வருடம் அந்த வீட்டில் இருப்பாள் என்று யோசித்தாள். எண்பத்தைந்தை மாட்டினால் இந்த அம்மா நாளை மறுநாள் கூடையைத் தூக்குவாளா என்றும் யோசித்தாள்.

மறுநாள் இருவரும் வந்து உட்கார்ந்ததும் ஜெமிமா இரண்டு லென்ஸையும் எடுத்து இருதயம்மாளின் முன்னால் வைத்துவிட்டாள். "ரெண்டையும் சொல்லிடறேன்மா, நீங்களே சொல்லுங்க. இது அம்பது. இதுல நான் உங்க கிட்டத்துல வந்து எடுப்பேன், நீங்க மட்டும்தான் விழுவீங்க. இது எண்பத்தஞ்சு. இதுக்கு நான் சுவர் வரைக்கும் தள்ளிப் போகணும். யாராச்சும் இருந்தா அவங்களும் விழுவாங்க."

இருதயம்மாள் இரண்டையும் ஒவ்வொரு கையில் எடுத்து, இறால் நிறுப்பது போல எடை பார்த்தாள். "கிட்ட வந்து புடிச்சா மூஞ்சி எப்டி வரும்?"

"மூக்கு கொஞ்சம் பெருசாத் தெரியும்."

"இப்பவே அது பெருசுதான்" என்றாள் இருதயம்மாள். கீழே கடையில் யாரோ கயிற்றை அளந்து வெட்டும் சத்தம் கேட்டது. "தள்ளிப் போயே புடி" என்றாள். "சாவாதவன் எப்டி வந்து பின்னால நிப்பான்? நானும் பாக்கறேன்."

ஜெமிமா பின்னால் நகர்ந்து எடுத்தாள். மூவரும் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார்கள். இருதயம்மாளின் முகம் ஒவ்வொரு சுருக்கத்தோடும் விழுந்திருந்தது. பின்னால் ஒருவரும் இல்லை. ஜெமிமா கேமராவை இறக்கி எடுத்தாள், ஏற்றி எடுத்தாள், இருதயம்மாளை இடமும் வலமுமாகத் திருப்பி எடுத்தாள். கணவனை இழந்தவள் அவள். இரண்டு அண்ணன்களை இழந்தவள். அவர்களில்கூட ஒருவரும் வரவில்லை. "பாத்தியாடி" என்றாள் இருதயம்மாள். குரலில் வெற்றி இல்லை, களைப்புதான் இருந்தது.

மோகனப்ரியா எழுந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஜெமிமா அவளையும் எடுத்தாள். அந்தப் படத்தில், மோகனப்ரியாவுக்கு இரண்டடி பின்னால், ஜெரி நின்றிருந்தான். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. நீல நிறத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட சட்டை, உடம்போடு நனைந்து ஒட்டியிருந்தது. அவள் பின்னலைப் பார்த்தபடி, கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவன் போல நின்றிருந்தான்.

இருதயம்மாள் மகனின் முகத்தைவிட அந்தச் சட்டையைத்தான் அதிக நேரம் பார்த்தாள். "இந்தச் சட்ட எப்ப எடுத்தது?"

"கல்மண்டபத்துல எடுத்தேன் அத்த. போற அன்னிக்குக் காலைல குடுத்தேன். உள்ள போட்டுக்கினு மேல பழசு மாட்டிக்கினு போனாரு. நீ பாத்தா புதுச் சட்டைய கடலுக்குப் போட்டுக்கினு போறானேன்னு திட்டுவியாம்."

இருதயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்டுடியோவில் அழுதவர்கள் பலர். அவள் அழவில்லை. எழுந்துபோய் மோகனப்ரியாவின் பக்கத்தில் நின்று, அவள் தோளுக்குப் பின்னால் இருந்த வெறும் காற்றை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "உன்கிட்ட செத்துட்டான். என்கிட்ட இன்னும் சாவல. அவ்ளோதான் விசயம். நீ போடி மோகனா. போய் அந்தப் பையனக் கட்டிக்கோ. இவன நான் பாத்துக்கறேன்."

சட்டம் கேட்ட ஏழு வருடம் முடிந்ததும் இருதயம்மாளே கோர்ட்டுக்கு வந்து, மருமகளுக்காகக் கைநாட்டு வைத்தாள். ஜெரி இறந்துவிட்டதாக முறைப்படி தாள் கிடைத்தது. 2024 ஆவணியில் திருவொற்றியூரில் மோகனப்ரியாவுக்கும் உச்சிமாகாளிக்கும் கல்யாணம் நடந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் இருவரும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். ஜெமிமா ஐம்பதை மாட்டப் போனபோது மோகனப்ரியாதான் தடுத்து, எண்பத்தைந்திலேயே எடுக்கச் சொன்னாள். உச்சிமாகாளிக்குப் பின்னால் அவன் அப்பா தலைப்பாகையோடு நின்றார். மோகனப்ரியாவுக்குப் பின்னால் யாரும் இல்லை. அவள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தேடுகிறவள் போல ஓரங்களை எல்லாம் பார்த்தாள். "போய்ட்டாரு" என்றாள். அது நிம்மதியா வருத்தமா என்று ஜெமிமாவுக்குப் பிடிபடவில்லை.

அடுத்த வாரம் இருதயம்மாள் தலைக்கு எண்ணெய் வைத்து, கோவிலுக்கு உடுத்தும் புடவையில் தானாகவே மாடி ஏறி வந்தாள். கூடை கொண்டுவரவில்லை. "பெரிய கண்ணாடிலயே புடி" என்றாள். ஜெமிமா சுவர் வரைக்கும் தள்ளிப்போய் எடுத்தாள். திரையில் அந்தப் படத்தைப் பார்த்தபோது, முதலில் லென்ஸில்தான் கோளாறு என்று நினைத்தாள். ஏனென்றால் ஜெரி பின்னால் நிற்கவில்லை. அம்மாவின் பக்கத்தில், அதே ஸ்டூலின் விளிம்பில் பாதி உட்கார்ந்து, கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண் எந்தத் தூரத்தில் கூர்மையாக இருந்ததோ அதே தூரத்தில் அவன் கண்ணும் இருந்தது. காது மடல் எல்லோருக்கும் கரைவது போலக் கரைந்திருந்தது. சட்டை உலர்ந்து, தோய்த்துத் தேய்த்ததாக இருந்தது. காதோரம் ஏழெட்டு நரை. கன்னம் ஒட்டியிருந்தது. இருதயம்மாள் படத்தைத் தள்ளிப் பிடித்தும் கிட்டே பிடித்தும் பார்த்தாள்.

"எளச்சிட்டான்" என்றாள். பெரிய பிரதி ஒன்று போடச் சொல்லிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் சந்தைக்குப் போக வேண்டும் என்று இறங்கிப்போனாள். ஒரே ஒரு தடவைதான் வரேன் சொன்னாள் என்பதை ஜெமிமா பிறகுதான் உணர்ந்தாள்.

அன்றிலிருந்து அவள் வஞ்சிரத்தில் இரண்டு துண்டு வீட்டுக்கு என்று எடுத்துவைக்கிறாள். கொடியில் அவள் புடவையோடு ஆண் சட்டைகள் காய்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர்கள் முதல் மாதம் கவனித்தார்கள், பிறகு துணி பறந்தால் எடுத்து மடித்து உள்ளே கொடுக்கத் தொடங்கினார்கள். மோகனப்ரியா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போகிறாள். உள் அறைக்குள் மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை, அது மரியாதையாக இருக்காது என்பதால்.

2025 கடைசியில் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியை வீடு வீடாக வந்தார். கோர்ட்டில் தாள் கிடைத்திருந்தாலும் அந்தப் பட்டியலில் ஜெரியின் பெயர் நீங்காமலே இருந்தது. "ஜெரின்னு போட்டிருக்கு, வயசு முப்பத்தஞ்சு. இருக்காராம்மா?" என்று கேட்டார்.

"கீறான்."

"கையெழுத்துப் போடணுமே, கூப்பிடுறீங்களா?"

"கடலுக்குப் போய்கீறான்" என்றாள் இருதயம்மாள், மீனின் செதிலைச் சுரண்டியபடியே.

காலையிலிருந்து அந்தத் தெருவில் ஒன்பது வீடுகளில் அதே பதிலைக் கேட்டிருந்த ஆசிரியை, வியாழக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.