மூன்றாம் நடுவரின் படம்

"தலை நிக்க மாட்டேங்குதுக்கா. நல்லா நிமித்திப் பிடிங்க," என்றார் இஞ்ஞாசி, கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து.

சூசையம்மாள் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து மறைந்துகொண்டு, புருஷனின் தலையைப் பிடரியில் கைகொடுத்து நிமிர்த்தினாள். சாய்ந்துவிடாமல் இருக்க அருள்நாதனை ஒரு துண்டால் நாற்காலியோடு கட்டி, கட்டு தெரியாதபடி கோட்டு மாட்டியிருந்தார்கள். நேற்று கைத்தொழில் சந்தைப் போட்டிக்கு நடுவராகப் போனபோது போட்டிருந்த அதே கோட்டு. நடுவர்களுக்குக் கொடுத்த பட்டு ரிப்பன் அதன் பைக்குள்ளேயே இருந்தது. மகள் பிலோமினா அதை எடுத்து அப்பாவின் நெஞ்சில் குத்திவிட்டு, சுவரோரம் போய் நின்று அழுதாள்.

விடியற்காலையில் எழுந்து தண்ணீர் கேட்டவர், செம்பை வாங்குவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். டாக்டரைக் கூப்பிடப் போன ஆள் தெருமுனை தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"எடுத்தாச்சு," என்று இஞ்ஞாசி வெளியே வந்து துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாலு பேர் கட்டை அவிழ்த்து அருள்நாதனைத் திரும்பவும் பெஞ்சில் கிடத்தினார்கள். பெண்கள் செபமாலையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

"கண்ணத் தொறந்து குடுத்துருங்க, இஞ்ஞாசி," என்றாள் சூசையம்மாள்.

"அக்கா, தொறக்கிற மனுசனே இந்தா கெடக்குறாரு. நான் யாருட்டப் போவேன்?"

அதுதான் சங்கடம். இஞ்ஞாசியின் ஸ்டுடியோவில் 'டச்சிங்' வேலை முழுக்க அருள்நாதன் கைதான். உயிரோடிருக்கும்போது படம் எடுத்துக்கொள்ள அந்தக் காலத்தில் யாருக்குத் தோன்றியது? செத்த பிறகுதான் ஐயோ ஒரு படம்கூட இல்லையே என்று ஆளை அனுப்புவார்கள். நாற்காலியில் உட்காரவைத்து எடுப்பார்கள். ஆனால் கண்மூடிய படத்தை எந்த வீட்டுச் சுவரில் மாட்டுவது? அருள்நாதன்தான் மெல்லிய பிரஷ்ஷால் படத்தில் கண்ணை எழுதித் திறந்துவைப்பார். திண்டுக்கல்லில் எத்தனையோ வீட்டுச் சுவரில், பொட்டும் மாலையுமாக இருக்கும் பெரியவர்கள் அவர் திறந்த கண்ணால்தான் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் மனம்போன போக்கில் எழுதுகிறவர் இல்லை. எழவு வீட்டுக்குப் போனதும் அவர் கேட்கும் முதல் கேள்வியே, "இவுக கண்ணு யாருக்கு வந்திருக்கு?" என்பதுதான். மகனோ, மகளோ, தங்கச்சியோ, அதே கண் உள்ள ஆளை விளக்கடியில் உட்காரவைத்துப் பார்த்துத்தான் எழுதுவார். சூசையம்மாளின் அப்பா இறந்தபோதும் அப்படித்தான் வந்து கேட்டார். அத்தனை பேரும் அவளைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். கல்யாணம் ஆகாத பெண், முன்பின் தெரியாத ஆம்பளையின் முகத்தை எப்படிப் பார்ப்பாள்? அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னையப் பாருங்க. கண்ணத் தாழ்த்தாதீக," என்றார் அவர்.

பார்த்தாள். அப்பா செத்த துக்கத்திலும், இந்த மனுசனுக்கு இடது கண் கொஞ்சம் இடுங்கியிருக்கிறதே என்று தோன்றியது. லென்ஸைக் கண்ணில் இடுக்கி இடுக்கி அப்படி ஆகிவிட்டது என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கல்யாணத்தில் எடுத்த ஒரே படத்தில், சரியாக இஞ்ஞாசி கேமராவின் ரப்பர் பல்பை அமுக்கும் நேரம் பார்த்து மாப்பிள்ளை கண்ணைச் சிமிட்டித் தொலைத்தார். சரிசெய்து தருகிறேன், தருகிறேன் என்று கடைசிவரை செய்யவேயில்லை. "ஊருக்கெல்லாம் கண்ணத் தொறக்க நேரமிருக்கு, சொந்தக் கல்யாணப் படத்துக்கு நேரமில்லையாக்கும்!" என்று அவள் சண்டை போடாத வருஷம் கிடையாது. வேறு படம் எதற்கும் அவர் உட்கார்ந்ததும் இல்லை. சந்தை வாசலில் வைத்த போர்டில்கூட மற்ற இரண்டு நடுவர்களுக்குப் படம் இருந்தது. மூன்றாவது கட்டத்தில் வெறும் பெயர்தான்.

நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டே மற்ற இரண்டு பேரைப் பற்றியும் ஒரே பெருமையாகச் சொன்னார். "ராயப்பராஜ் சார் மெட்ராஸ்ல ஓவியப் பள்ளிக்கூட வாத்தியாரு. சீமைக்கெல்லாம் போயிட்டு வந்தவராம். நூர் முகமது பாய், தோல் பைக்கும் செருப்புக்கும் புதுசு புதுசா மாதிரி போடுறவரு. 'பேகம்பூர் தோல் ஷாப்புல, தோல ஊறப்போடுற தொட்டியோரம் வளந்த பய நான்'னு மைக்குலயே சொன்னாரு பாரு, அம்புட்டுக் கூட்டமும் கைதட்டுச்சு."

"ஒங்களப் பத்தி என்ன சொன்னீக?"

"ஓவியர்னு சொன்னாக. நான் ஒண்ணும் சொல்லல."

"ஏன், வாயில என்ன கொழுக்கட்டையா?"

"பொணத்துக்குக் கண்ணு எழுதுறவன் வந்துதான் சந்தையில வச்ச பொம்மைக்கு மார்க்குப் போடணுமான்னு நாலு பேரு பேசுவான். ஒனக்கு என்னத்தத் தெரியும்?"

"அந்தக் கண்ணு எழுதித்தான என்னையக் கட்டுனீக? அதுக்கு மட்டும் வெக்கமில்லையோ!" என்று வெடுக்கென்று எழுந்து போய்விட்டாள். அவர் தட்டை அவரே கழுவிவைத்தார். அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. விடிந்தால் பேசிக்கொள்ளலாம் என்றுதான் அவளும் படுத்தாள்.

பத்து மணிவாக்கில் அந்த இரண்டு நடுவர்களும் ஒரு குதிரை வண்டியில் வந்து இறங்கினார்கள். ராயப்பராஜ் மாலையைக் கால்மாட்டில் வைத்துவிட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, நெடுநேரம் முகத்தையே பார்த்தபடி நின்றார். நூர் முகமது வாசலுக்குப் போய் வண்டிக்கும் பெட்டிக்கும் ஏற்பாடு செய்கிறவர்களோடு சேர்ந்துகொண்டார்.

"பரிசு குடுக்கிற விழாவை நாளைக்குத் தள்ளி வச்சாச்சும்மா," என்றார் ராயப்பராஜ். "அங்க இரங்கல் சொல்லணும். சாரோட பின்னணி என்னன்னு எங்க யாருக்குமே சரியாத் தெரியல. யார்ட்டப் படிச்சாரு, என்ன வரைஞ்சாரு?"

சூசையம்மாளுக்கு எங்கிருந்தோ ஆங்காரம் வந்தது.

"யார்ட்டயும் படிக்கல சார். அனாதை மடத்துல வளந்தவுக. செத்தவுக படத்துக்குக் கண்ணு தொறந்தாக. அதான் அவுக வேல. ஒங்ககிட்டச் சொல்லக் கூச்சப்பட்டாக. மைக்குல அதையே சொல்லுங்க. ஊருக்கே கேக்கட்டும்."

ராயப்பராஜ் தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எங்கப்பா கல்லறைக்கு எழுத்து வெட்டுறவரும்மா," என்றார் மெதுவாக. "பள்ளிக்கூடம் விட்டதும் கல்லறைத் தோட்டத்துல அவரு பக்கத்துல உக்காந்துதான் நான் மொதமொத எழுத்து வரைஞ்சேன். சீமைக்குப் போனதச் சொல்றேன், எங்கப்பா வேலைய எந்த மைக்குலயும் நான் சொன்னதில்ல. நேத்து சார் மட்டும் வாயத் தொறந்திருந்தா நானும் தொறந்திருப்பேன்."

சூசையம்மாளுக்குக் கோபம் வடிந்து அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்.

"ஒங்களுக்குக் கண்ணு எழுத வருமா?"

"வரும். இஞ்ஞாசி படத்தக் கழுவி மெட்ராஸுக்கு அனுப்பட்டும். ஆனா சார் கண்ணு எப்படின்னு இப்பவே வரைஞ்சு எடுத்துக்கணும். ஒருநாள் பழக்கம், மனசுல நிக்கல. யாருக்கு வந்திருக்கு அவரு கண்ணு?"

அதே கேள்வி. எல்லோரும் பிலோமினாவைப் பார்த்தார்கள்.

"அது அப்படியே அம்மா கண்ணுல்ல?" என்றார் இஞ்ஞாசி. அண்ணன் தம்பியா, அக்காள் தங்கையா, மடத்தில் வளர்ந்தவருக்கு யார் இருக்கிறார்கள்? ராயப்பராஜ் எடுத்த பென்சிலைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கண்மூடின கல்யாணப் படமும் கண்மூடின இந்தப் படமும்தான் தனக்கு மிச்சம் என்று சூசையம்மாளுக்குத் தோன்றியது.

தலையை வாரிவிடலாம் என்று பிலோமினா சீப்பும் கைக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியைப் பார்த்ததும் சூசையம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் பட்டப்பகலில், அந்த மனுசன் இந்தக் கண்ணாடியை ஜன்னலில் சாய்த்துவைத்து அதையே முறைத்துக்கொண்டிருந்தார். "மக கல்யாணத்துக்கு நிக்கிறா, இப்பத்தான் அழகு பாக்குறாக!" என்று அவள் கேலி செய்தாள். "சடையாண்டிக்கு யாருமில்லடி," என்றார் அவர் பிரஷ்ஷை விடாமல். "யாரு கண்ணப் பாத்து எழுதுறது? என் கண்ணையே போட்டுவிடுறேன். வெளிய சொல்லிக்கிறாத."

சடையாண்டி பகலில் கைவண்டி இழுத்து, ராத்திரி தெருமுனை டீக்கடை பெஞ்சில் படுத்துக்கொண்டவன். அவன் செத்தபோது கடைக்காரர் பொம்மையன்தான் மனசு கேட்காமல் அவனுக்குப் படம் எடுக்கவைத்துக் கடையிலேயே மாட்டியிருந்தார். அவர் இப்போது வாசலில், வந்தவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பொம்மையண்ணே, கடையில இருக்கிற சடையாண்டி படத்தச் செத்த எடுத்துட்டு வாங்க."

"அவன் படம் இப்ப எதுக்குத் தாயி?"

"எடுத்துட்டு வாங்கண்ணே, சொல்றேன்."

பொம்மையன் ஒன்றும் புரியாமல் போனார். காய்ந்த மாலையோடு படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து நீட்டினார். படத்தின் கண்ணாடி முழுக்க அடுப்புப் புகை படிந்து பழுப்பேறிக் கிடந்தது. அவள் சுவரோரம் உட்கார்ந்து, படத்தை மடியில் நிறுத்தி, முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். தலைப்பாக்கட்டு வந்தது. விபூதிப் பட்டை வந்தது. கொம்பு மீசை வந்தது. நடுவில் இன்னொரு தரம் துடைத்தாள்.

இடது கண் கொஞ்சம் இடுங்கியிருந்தது.

ராயப்பராஜ் நோட்டைப் பிரித்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். துக்க மணி அடிக்கத் தொடங்கியது. பெட்டி வந்துவிட்டதாக வாசலில் நூர் முகமது சொல்வது கேட்டது.

"படத்த இப்படி எம்பக்கம் திருப்புங்கம்மா. எனக்குத் தெரியணும்."

சூசையம்மாள் திருப்பவில்லை. கண்ணைத் தாழ்த்தவும் இல்லை.

"செத்த பொறுங்க தம்பி," என்றாள்.