சஹனில் அவன் பக்கம்

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிகிற நேரத்தில், ரஃபீக் கட்டிலை விட்டு இறங்கி வந்து கூடத்தில் பாய் விரிக்கச் சொன்னான்.

"தட்டு வேணாம் பஹீமா. சஹன எடுத்து வை."

பஹீமா கரண்டியும் கையுமாக நின்றாள். சஹன் என்பது நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தாம்பாளம். அவள் புருஷனுக்கோ ஒரு கிண்ணம் பருப்புத் தண்ணீர் உள்ளே இறங்க அரை மணி நேரம் ஆகும்.

"நீங்க என்னத்த மச்சான் சாப்பிடப் போறீங்க?"

"நான் சாப்பிடல. நீ சாப்பிடு. எதிர்ல சும்மா ஒக்காந்துருக்கேன்."

ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கணக்குப் பார்த்தவன் ரஃபீக். எடை நூற்று அறுபது கிலோவைத் தாண்டியது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். அறையில் கூடப் படுத்தவர்கள் பயந்துபோய், ஊருக்குப் போய் ஏதாவது செய்யப்பா என்று விமானம் ஏற்றினார்கள். சென்னையில் இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டியெடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போன்ற ஒரு குழாயாகத் தைத்து, திரவம் மட்டும் என்று சொல்லி திருமலைராயன்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். மூன்றாவது வாரம் அவன் அடுப்படியில் நின்றபடியே சட்டியிலிருந்து நாலைந்து கறித்துண்டுகளைத் தின்றான். சாயங்காலம் இடது தோள் வலிக்கிறது என்றான். தைலம் தேய்த்தார்கள். விடிவதற்குள் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. தையல் விட்டு உள்ளே கசிந்திருந்தது.

மறுபடி சென்னை, மறுபடி ஆபரேஷன். விலாவில் குழாய் சொருகிய இடத்தில் இன்னும் கறுப்பாக ஒரு பள்ளம் இருக்கிறது. ஆபரேஷன் செய்த டாக்டர் பஹீமாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதில் சுற்றிவளைப்பு எதுவும் இல்லை. "இன்னொரு தடவ இப்படி வந்தா தைக்கிறதுக்கு எடம் இருக்காதும்மா. நான் சொல்ற வரைக்கும் கட்டியா எதுவும் வாய்க்குள்ள போகக் கூடாது. பாத்துக்குங்க."

பார்த்துக்கொள்வது அவள் வேலை என்று ஆனது அப்படித்தான்.

சஹனில் ஒரு மரியாதை உண்டு. நல்ல துண்டு தன் பக்கம் கிடந்தால் எதிரில் இருப்பவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். தள்ளியதை எடுக்காமல் விட்டால் தள்ளியவரை அவமதித்ததாகும். பெரியவர் கையெடுக்கும்முன் எழக் கூடாது. பால்குடி மறந்த நாளிலிருந்து பழகியது; யாரும் இதை யோசித்துச் செய்வதில்லை. ரஃபீக் யோசித்திருந்தான். அன்று நெய்ச்சோற்றில் கையை வைத்து, கறி ஆணக் குழம்பைப் பிசைந்து, எலும்பிலிருந்து சதையை வழித்து, எல்லாவற்றையும் அவள் பக்கம் தள்ளினான். அவன் கை ஒரு தடவைகூட வாய்க்குப் போகவில்லை. அவள் மென்றாள். அவன் தாடையும் கூடவே அசைந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு மச்சான்."

"நல்லாருக்குன்னா? கொழுப்பு ஒருகுதா, ஒட்டுதா?"

"ஒருகுது."

"நாக்குலயா, மேலண்ணத்துலயா?"

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தான்.

அன்று மத்தியானம் அவன் நன்றாகத் தூங்கினான். கை கழுவாமல், விரல்களை மூக்கருகே வைத்துக்கொண்டு தூங்கினான். பல நாள் கழித்து அவன் முகத்தில் ஓர் அமைதியைக் கண்டபோது, இதில் என்ன குற்றம் என்று பஹீமாவுக்குத் தோன்றியது.

"வயித்துல பசியே இல்ல பஹீமா," என்றான் எழுந்ததும். "அத வெட்டி எடுத்துட்டாங்க. நாக்கு மட்டும் தனியா உயிரோட கெடக்கு. நீ தின்னா அது அடங்குது."

வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்றிருந்தது தினமும் ஆனது. என்ன சமைப்பது என்பதை அவனே சொன்னான். பட்டினச்சேரியிலிருந்து மீன் கொண்டு வருகிறவளுக்குப் போன் போட்டு, கொடுவாவா, இறாலா, எந்த அளவில் என்று அவனே பேசினான். காலையில் பசியாறுவதற்குக் கறி இடியாப்பம், மத்தியானம் சஹன், சாயங்காலம் பொட்டலத்தில் இறால் வாடா. எல்லாவற்றுக்கும் எதிரில் அவன். சோறு அவள் தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் வாயில் ஒதுக்கிவைத்து அப்புறம் துப்பிவிடலாம் என்று நினைத்தாள்.

"முழுங்கலயே நீ," என்றான் மெதுவாக. திட்டவில்லை. அவள் விழுங்கும்வரை அடுத்த பிடியைத் தள்ளாமல் உட்கார்ந்திருந்தான்.

மாமியார் மஹ்பூபாவுக்கு இதெல்லாம் பெருமை. பக்கத்து வீட்டுப் பெண்களிடம், "எம்மவன் தனக்கு இல்லாட்டியும் பொண்டாட்டிக்கு அள்ளி அள்ளி வைக்கிறான். எந்த வீட்டுல நடக்குது?" என்பார். அவர்களும் பஹீமாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அது பாத்தாலே தெரியுதே மாமி," என்பார்கள்.

தெரியத்தான் செய்தது. ரஃபீக்கின் கன்னம் வற்றி, தோல் கழுத்தில் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. அவளுக்கு வளையல் கழலவில்லை. சோப்புத் தண்ணீர் போட்டும் கழலாமல், நகைப் பத்தர் குறட்டால் நறுக்கி எடுத்தார். மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடைத்தது. ராத்திரியில் ஆறேழு தடவை பாத்ரூமுக்கு எழுந்தாள். செருப்பு கடித்த புண் காலில் ஆறாமலே கிடந்தது.

ஒருநாள், "இன்னிக்கு வேணாம் மச்சான், நெஞ்ச கரிக்குது," என்று சஹனை எடுத்துவைக்காமல் இருந்தாள். அவன் எழுந்து அடுப்படிக்குப் போனான். சட்டியின் மூடியைத் திறந்து, ஒரு கறித்துண்டை எடுத்து, உதட்டுக்கு அருகில் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தான். அவள் ஓடிப்போய் அந்தத் துண்டைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். நின்றபடியே மென்று விழுங்கினாள்.

"எப்படி இருக்கு?" என்றான்.

அதற்கப்புறம் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. தான் தின்றால் அவன் தின்னமாட்டான் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. எத்தனை நாளைக்கு என்பதுதான் புரியவில்லை.

காரைக்காலில் ஒரு கிளினிக்கில் டாக்டர் கீர்த்திகா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, அவள் காலைத் தூக்கி ஸ்டூலில் வைக்கச் சொன்னார். புண்ணைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். பஹீமாவுக்கு வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்று சொன்னதும் டாக்டரின் முகம் மாறியது.

"மாசமா இருந்தப்ப சுகர் இருந்துச்சா?"

"மக நௌஷின் வயித்துல இருக்கறப்ப. அப்புறம் போயிடுச்சு."

"போகல. காத்துக்கிட்டு இருந்துருக்கு. முந்நூத்தி முப்பதுங்க. இப்படியே போனா இந்த ரெண்டு வெரல நான் எடுக்கச் சொல்லி எழுதிக் குடுப்பேன்." ரஃபீக்கின் ஆபரேஷனைப் பற்றி முன்பே கேட்டறிந்திருந்தவர், ஊசி மருந்து எழுதிக்கொண்டே கேட்டார்: "உங்க வீட்டுக்காரருக்கு எடைய எறக்குறதுக்கு ஒரு டாக்டர் இருக்காரு. உங்களுக்கு ஏத்துறது யாரு?"

பஹீமா காலை ஸ்டூலிலிருந்து இறக்கினாள். சொன்னால் டாக்டர் சிரிப்பாரோ என்றிருந்தது. சிரிக்காமல் கேட்டுக்கொள்வாரோ என்றும் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மஹ்பூபா போலகத்தில் ஒரு மவுத்து வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தார். கூடத்தில் சஹன் இருந்தது. நெய்ச்சோறு, கறி ஆணம், தால்ச்சா, ஒரு கிண்ணத்தில் இனிப்புக்கு ஃபிர்னி. பஹீமா பாயில் உட்காராமல் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சுகர், விரல், ஊசி. ரஃபீக் கவனமாகக் கேட்டான். அவள் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தான். அவன் கண்ணில் நீர்கூட வந்தது.

"நான் என்ன ஒன்ன அடிச்சேனா பஹீமா? ஒரு சொல்லு சொன்னேனா?"

"இல்ல மச்சான். நான் இனிமே சாப்பிட மாட்டேன். அவ்வளவுதான்."

"நீ நிறுத்துனா நான் ஆரம்பிச்சுடுவேன். அது எங்கையில இல்ல. சத்தியமா இல்ல."

"நீங்க உள்ள போய்ப் படுங்க. சட்டியையெல்லாம் பக்கத்து வீட்ல குடுத்துடுறேன். இனிமே இந்த வீட்ல கஞ்சிதான், எல்லாருக்கும்."

அவன் அவள் பாதத்தைக் கீழே வைத்தான். பிறகு தலையாட்டினான். "சரி. நீ ஒக்கார வேணாம்." குரலை உயர்த்தாமல் உள்ளறைப் பக்கம் திரும்பி, "நௌஷின், இங்க வாம்மா. வாப்பாவோட ஒக்காரு," என்றான்.

நௌஷினுக்கு எட்டு வயது. இத்தனை நாளும் சஹனுக்குத் தன்னை யாரும் கூப்பிடவில்லை என்ற குறை அவளுக்கு இருந்தது. ஓடிவந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவன் பெரிய துண்டாகப் பார்த்து வழித்து அவள் பக்கம் தள்ளினான்.

"எப்படி இருக்கு?"

"சூப்பரா இருக்கு வாப்பா."

"சூப்பர்னா?"

குழந்தை யோசித்தாள். "மொதல்ல காரமா இருந்துச்சு. அப்புறம் கடிச்சா உள்ளேருந்து எண்ண மாதிரி ஒண்ணு வருது. அது இனிப்பா இருக்கு. பல்லு இடுக்குல நூலு நூலா மாட்டுது."

ரஃபீக் கண்ணை மூடிக்கொண்டான். உதடு பிரிந்தது. பஹீமா எத்தனை நாள் மென்றும் அவனை அந்த இடத்துக்குக் கொண்டுபோனதில்லை.

"எம்புள்ளைக்கு நாக்கு இருக்கு," என்றான். அடுத்த பிடியைத் தள்ளினான். அடுத்தது. ஃபிர்னிக் கிண்ணத்தை இழுத்து அவள் முன்னால் வைத்தான். குழந்தை உற்சாகமாகத் தின்றாள், சொன்னாள், அவன் தலையாட்ட ஆட்ட இன்னும் சொன்னாள். பிறகு சொல்வது குறைந்தது. மெல்வது மெதுவானது.

"போதும் வாப்பா."

"இந்தா, இது ஒண்ணு."

"வயிறு வலிக்குது வாப்பா."

"அது ஒண்ணும் செய்யாது. வாப்பா தள்ளுனத மிச்சம் வைக்கலாமா? வாயத் தொற."

நௌஷின் வாயைத் திறந்தாள். திறந்துகொண்டே அம்மாவைப் பார்த்தாள்.

பஹீமா குனிந்து குழந்தையின் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். சோறு சிதறியது.

"அவள எழுப்புனா நான் என்ன செய்வேன்னு ஒனக்குத் தெரியும்," என்றான் ரஃபீக். மிரட்டுகிறவன் குரல் இல்லை அது. கெஞ்சுகிறவன் குரல்.

"தெரியும் மச்சான்."

அவனையும் சஹனையும் அப்படியே விட்டுவிட்டுக் குழந்தையைக் கொல்லைப் பக்கம் அழைத்துப் போனாள். குழாயைத் திறந்து, நெய் பிசுபிசுத்த அந்தச் சின்னக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். திரும்பிப் போய்ச் சஹனைப் பிடுங்கலாம். பிடுங்கினால் நாளைக்கும் சஹன் வரும், நாளை மறுநாளும் வரும், எதிரில் நௌஷின் உட்காருவாள். இதை ஒரு தடவை நினைத்துப் பார்த்துவிட்டு, அதற்குமேல் அவள் நினைக்கவில்லை.

கூடத்திலிருந்து, "பிஸ்மில்லாஹ்," என்று ரஃபீக் சொல்வது கேட்டது.

"வாப்பா சாப்பிடுறாங்களா உம்மா?" என்றாள் நௌஷின்.

"ஆமா."

பஹீமா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, தெருமுனை ஆட்டோக்காரர் ஜவஹர் அலிக்குப் போன் போட்டாள்.

"வண்டிய எடுத்துட்டு வாங்க. காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் போகணும். அங்கேருந்து சென்னைக்கு அனுப்புனாலும் அனுப்புவாங்க."

"யாருக்குங்க லாத்தா? மாமிக்கா?"

"அவங்க மவனுக்கு."

"அண்ணனுக்கு என்ன பண்ணுது?"

"இப்ப ஒண்ணும் பண்ணல," என்றாள் பஹீமா. "நீங்க வர்றதுக்குள்ள பண்ணும்."