இங்குனுக்கு அளவெடுத்துத் தைத்த விளம்பரம்

மனநலச் செவிலியர் சங்கத்தின் மாத இதழ் வடக்கு நார்வேயின் ஸ்கார்வோக் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தால், முதல் பக்கத்தில் சங்கத் தலைவி எழுதும் கடிதத்தை யாரும் படிப்பதில்லை. நடுவில் வரும் ஆராய்ச்சிக் கட்டுரையை ஒருவர் முழுசாகப் படித்தார் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். எல்லோரும் நேராகக் கடைசிப் பக்கங்களுக்குத்தான் போவார்கள். எந்த ஊரில் ஆள் தேவை, எங்கே மாநாடு, அந்த மாநாட்டில் சாப்பாடு எப்படி என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

அந்தக் கடைசிப் பக்கத்தில் கால் பக்க இடத்தை நிரப்புவதற்காக, வார்டுத் தலைவி துரீட் ஒரு மதியம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டாள். அவளுடையது பன்னிரண்டு படுக்கை கொண்ட சின்ன வார்டு. அங்கே நீண்ட விடுப்பில் போயிருந்த செவிலி ஒருத்தி, ஸ்பெயினிலிருந்து படம் போட்ட அட்டையில் ராஜினாமாவை எழுதி அனுப்பிவிட்டாள். அவள் இடத்தில் தற்காலிகமாக இரண்டே முக்கால் வருடம் வேலை பார்த்தவள் இங்குன். அவளையே நிரந்தரமாக்கிவிட்டால் கதை முடிந்தது. ஆனால் அரசாங்க மருத்துவமனையில் அப்படி முடியாது. நாடு முழுக்க விளம்பரம் செய்து, வந்த விண்ணப்பங்களில் தகுதி மிகுந்தவரைத்தான் எடுக்க வேண்டும்.

“அதுக்கென்ன, இங்குனை நிக்க வச்சு அளவெடுத்த மாதிரி எழுது,” என்றான் ஸ்டைனார். இருபது வருடமாகத் துரீடோடு வேலை பார்ப்பவன், தொழிற்சங்கப் பிரதிநிதி வேறு. பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியை மென்றுகொண்டே சொன்னான். “வேற ஒருத்தரும் உள்ள நுழையவே முடியாதபடி இருக்கணும்.”

அப்படித்தான் எழுதினார்கள். மனநலச் சிறப்புப் படிப்பு வேண்டும். தீவுகளில் இருக்கும் நோயாளிகளைப் பார்க்கத் தானே படகோட்டிப் போகத் தெரிய வேண்டும். காலையில் நடைவழியில் கேட்கும் காலடிச் சத்தத்தை வைத்தே யார் இரவு தூங்கவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். கோபத்தில் இருப்பவரின் எதிரே போய் நிற்காமல் பக்கத்தில் போய் நிற்பவராக இருக்க வேண்டும். ஒருவரின் நன்மைக்காகச் சீட்டாட்டத்தில் வெளியே தெரியாமல் தோற்கத் தெரிய வேண்டும். கம்பளி பின்னத் தெரிந்தால் இன்னும் நல்லது.

“செருப்பு அளவு முப்பத்தொன்பதுன்னும் போட்டுடேன்,” என்றான் ஸ்டைனார்.

துரீட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுதியது ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் அதில் ஒரு வரியைக்கூட அவள் இங்குனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. வடக்கு நார்வேயில் முகத்துக்கு நேரே ஒருவரைப் புகழ்வது என்பது கூட்டத்தில் சட்டையைக் கழற்றுவது மாதிரி. படகு முங்கும் அளவுக்கு மீன் பிடித்து வந்தவனிடமும் “மோசமில்ல” என்றுதான் சொல்வார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்தால், இவன் என்ன கடன் கேட்கப் போகிறானோ என்று எதிராளி பயந்துவிடுவான்.

இதழ் வந்த அன்று இங்குனுக்கு விடுமுறை. காலை உணவு மேசையில் ஹால்வார் அதைச் சத்தமாக வாசித்தார். அவர் கப்பல் எஞ்சின் பழுது பார்ப்பவர். மனச்சோர்வு முற்றிப்போய் மூன்று வாரமாக வார்டில் இருந்தார். பாதி வாசிக்கும்போதே, “அட, இது நம்ம இங்குன்! படம் ஒண்ணுதான் போடல,” என்றார். சீட்டாட்ட வரிக்கு வந்ததும் மட்டும் முகம் சுருங்கிப்போய், இதழை மடித்து வைத்துவிட்டார்.

மறுநாள் இங்குன் வந்தாள், படித்தாள், கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அவ்வளவுதான். விண்ணப்பம் வரும் என்று துரீட் காத்திருந்தாள். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. அவள் தேர்வுக் குழுவில் ஒருத்தி. அப்படி இருப்பவள் யாரையும் பார்த்து ‘விண்ணப்பம் போடு’ என்று சொல்லக்கூடாது; அது விதி. அதனால் அந்தப் பக்கத்தை விரித்துக் காபி இயந்திரத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். இங்குனின் நாற்காலியில் வைத்துப் பார்த்தாள். கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியும் பார்த்தாள். இங்குன் அதைக் கவனமாகப் பிய்த்து எடுத்துக்கொண்டு வந்து, “யாரோ மறந்து ஒட்டிட்டாங்க போல,” என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

கெடுவுக்கு முந்தின நாள் வரை ஒரே ஒரு விண்ணப்பம்தான் வந்திருந்தது. தெற்கேயிருந்து ஒரு மனிதர் அனுப்பியிருந்தார். பதினான்கு சான்றிதழ்கள், படகு உரிமம், போதாக்குறைக்குத் தான் பின்னிய ஸ்வெட்டரைத் தானே போட்டுக்கொண்டு சிரிக்கும் புகைப்படம். காலடிச் சத்தம் பற்றிக் கேட்டதற்கு, செவித்திறன் சோதித்த மருத்துவரின் சான்று.

“நல்லாத் தச்சோம் போ,” என்றாள் துரீட். “அந்த ஆளுக்கும் கச்சிதமா இருக்கு.”

அன்று மதியமே அடுத்த இடி இறங்கியது. தொலைபேசியில் பக்கத்து ஊர் மருத்துவமனையின் வார்டுத் தலைவி பேசினாள்.

“துரீட், உங்க வார்டு இங்குன் எங்ககிட்ட விண்ணப்பம் போட்டிருக்கா. உன் பேரைக் குடுத்திருக்கா. ஆள் எப்படி?”

துரீட் சுவரைப் பார்த்தாள். நல்லவள் என்றால் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். இல்லையென்று சொல்ல நாக்கு வரவில்லை. எதற்கு வம்பு என்று, வாய்க்குப் பழகின வார்த்தையைச் சொன்னாள்.

“மோசமில்ல.”

மறுமுனையில் மூச்சு நின்றது. “அடேயப்பா! அவ்வளவு நல்லவளா? அப்போ திங்கக்கிழமையே எடுத்துக்கறேன்,” என்று அவள் வைத்துவிட்டாள். அவளும் வடக்குக்காரிதான்.

மறுநாள் வெள்ளி, நண்பகல் பன்னிரண்டு மணியோடு கெடு முடிகிறது. விதியாவது மண்ணாவது என்று, துரீட் பதினொன்றேகாலுக்கு வார்டுச் சமையலறைக்குப் போனாள். இங்குன் வழக்கமான வெள்ளிக்கிழமை வாஃபிள் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். முதல் வாஃபிளுக்காக ஹால்வார் முள்கரண்டியோடு உட்கார்ந்திருந்தார். கதவோரம் ஸ்டைனார், வேறு வேலையே இல்லாதவன் போல நின்றான்.

“விளம்பரம் பார்த்தியா?” என்றாள் துரீட்.

“பார்த்தேன்.” இங்குன் மாவை ஊற்றினாள். “எனக்குப் புரிஞ்சுது துரீட். வருத்தமெல்லாம் இல்ல. நீங்க எல்லாரும் இப்படி ஒருத்தரை எதிர்பார்த்துக்கிட்டு இருந்திருக்கீங்க. நான்தான் இத்தனை நாளா இடத்தை அடைச்சுக்கிட்டு நின்னிருக்கேன்.”

துரீடுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அடிப்பாவி! இங்க படகு எடுத்துக்கிட்டுத் தீவுக்குப் போறது யாரு?”

“இந்த ஊர்ல யாருக்குத்தான் படகு ஓட்டத் தெரியாது?”

“காலடிச் சத்தம்?”

“அது காது இருக்கற எல்லாருக்கும் கேக்குமே.”

“சரி, சீட்டாட்டம்? ஹால்வார்கிட்ட அஞ்சு வாரமா யாரு தோத்துக்கிட்டு இருக்கா?”

இங்குன் முகம் சிவந்துவிட்டது. “வேணும்னே தோக்கற அளவுக்கெல்லாம் எனக்கு ஆடத் தெரியாது துரீட். நான் நிஜமாவே தோத்துத்தான் போறேன்.”

ஹால்வார் முள்கரண்டியைக் கீழே வைத்தார். “என்னது? அப்போ நான் ஜெயிச்சதெல்லாம் நிஜமாவே ஜெயிச்சதா?”

“பின்ன? போன திங்கக்கிழமை எனக்கு அழுகையே வந்துடுச்சு.”

ஐந்து வாரத்தில் முதல் தடவையாக ஹால்வார் பல் தெரியச் சிரித்தார். இரண்டு வாரமாக அந்த ஒரு வரி மனிதரை உள்ளே அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதை எழுதியவள் அவர் முன்னாலேயே நின்றாள். வெட்கத்தில் எங்கே பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“வாஃபிள் நல்லா மணக்குது,” என்றாள் துரீட் கடைசியில்.

“இதைச் சொல்லவா வந்தே?” என்று ஸ்டைனார் கதவோரமிருந்து பல்லைக் கடித்தான். “மணி பதினொண்ணரை ஆகுது!”

“அவளால முடியாது,” என்றார் ஹால்வார். வெற்றி பெற்ற மனிதரின் தெம்பு குரலில் இருந்தது. துரீட் பக்கம் திரும்பினார். “செவ்வாய்க்கிழமைதோறும் எங்களை வட்டமா உக்கார வச்சு, மனசுல இருக்கறதைச் சொல்லு, ‘நான்’னு ஆரம்பிச்சுச் சொல்லுன்னு உயிரை எடுக்கற. இப்ப நீ ஆரம்பி பார்க்கலாம். நாங்க பொறுமையாக் கேக்கறோம்.”

துரீடுக்குக் கழுத்து வரை வியர்த்தது. மனநலச் செவிலியாக முப்பத்திரண்டு வருடம். எத்தனையோ பேருடைய ஊமைத் துக்கத்தைப் பேச வைத்தவள், ஒரு சமையலறையில் நின்று மென்று விழுங்கினாள்.

“நான்…” என்றாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “நான் காலைல வார்டுக்குள்ள நுழையும்போதே நீ இல்லாத நாளைக் கண்டுபிடிச்சுடுவேன். அன்னைக்கு எல்லாரும் கதவைக் கொஞ்சம் ஓங்கிச் சாத்துவாங்க. நானும்தான் சாத்துவேன். அந்த விளம்பரம் உன்னைப் பத்தி எழுதினது, மக்கு. உன்கிட்ட நேரே சொல்ல வாய் வரல. அதான் அச்சடிச்சு நாடு முழுக்க அனுப்பிட்டேன்.”

வாஃபிள் கருகி வாசனை வந்தது. அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் இங்குன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “ரெண்டே முக்கால் வருஷத்துல நீ என்கிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். ஃப்ரிட்ஜ் கதவைச் சரியா மூடுன்னு.”

“அதை நீ இப்பவும் சரியா மூடறதில்ல,” என்றாள் துரீட். அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள். ஸ்டைனார் மடிக்கணினியை மாவுக்கிண்ணத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான். பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை வர முடியாது என்று பக்கத்து ஊருக்கும் தகவல் போனது. கருகின வாஃபிளை ஹால்வார் ஜாம் தடவிச் சாப்பிட்டுவிட்டார்.

விதியை மீறிவிட்டோமே என்ற உறுத்தல் துரீடை உட்காரவிடவில்லை. தேர்வுக் குழுவினர் நிரப்ப வேண்டிய நடுநிலைப் படிவத்தை எடுத்தாள். விண்ணப்பதாரர் உமக்கு உறவா? இல்லை. வியாபாரக் கூட்டாளியா? இல்லை. பகையாளியா? இல்லை. கடைசியில் ‘வேறு ஏதேனும்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில், ‘இவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்’ என்று எழுதி அனுப்பினாள்.

ஒரு மணி நேரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஆள்சேர்ப்பு அதிகாரி பேர்ன்ட் கிளெப்பே அழைத்தான். சிரிக்கத் தெரியாதவன் என்று மாவட்டம் முழுக்கப் பெயரெடுத்தவன்.

“இந்தக் கட்டத்துல இதுவரைக்கும் யாரும் எதுவும் எழுதினதில்ல.”

“தெரியும்.”

“நீ இனிமே குழுவுல இருக்க முடியாது. நானும் வெளி ஆளுங்க ரெண்டு பேரும் பார்த்துக்குவோம். அவளுக்குன்னு நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது.”

“அதுவும் தெரியும்,” என்றாள் துரீட். இப்போதுதான் பேசக் கற்றுக்கொண்டிருந்தாள், அதற்குள் வாயைக் கட்டிவிட்டார்கள்.

நேர்காணல் நாளில் அவள் நடைவழி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதலில் தெற்கத்தி மனிதர் உள்ளே போனார், அதே ஸ்வெட்டரோடு. பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்று முக்கால் மணி நேரம் பேசினார். குழுவில் ஒருவராலும் இடையில் ஒரு வார்த்தை நுழைக்க முடியவில்லை என்பது கதவுக்கு வெளியே இருந்தவளுக்கே தெரிந்தது. பிறகு இங்குன் போனாள். அரை மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அது ஒரு மணி நேரம் ஆகி, அதற்கு மேலும் ஓடியது. இங்குன் குரலே கேட்கவில்லை. கிளெப்பேயின் குரல்தான் தாழ்ந்தும் கரகரத்தும் விட்டுவிட்டுக் கேட்டது. பாவிகள் என் பெண்ணை என்னதான் குடைகிறார்களோ என்று துரீட் கையைப் பிசைந்தாள்.

கதவு திறந்து இங்குன் வந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

“கெட்டுப்போச்சு துரீட். உன்னோட பலம் என்னன்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணுமே தோணல. அவரு கண்ணைப் பார்த்தா ரத்தமா செவந்திருந்துது. நீ நல்லாத் தூங்கி எத்தனை நாளாச்சுன்னு கேட்டுட்டேன். அவ்வளவுதான், அதுக்கப்புறம் அவர்தான் பேசினாரு. சம்சாரம் தவறிப்போய் ரெண்டு வருஷம் ஆச்சாம், வீட்ல இன்னும் ரெண்டு தட்டுதான் எடுத்து வைக்கறாராம். நடுவுல எழுந்து போய் அவருக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டேன். என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.”

திறந்திருந்த கதவு வழியே துரீட் எட்டிப் பார்த்தாள். கிளெப்பே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். மற்ற இரண்டு பேரும் அவனுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணும் சரியாக இல்லை. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள்.

“இங்குன்,” என்று அடைத்த மூக்கோடு உள்ளிருந்து கூப்பிட்டான் கிளெப்பே. “எங்க மூணு பேருக்கும் ஒரே எண்ணம்தான். ஒண்ணாம் தேதியிலேருந்து நிரந்தரமா சேர உன்னால முடியுமா?”

இங்குன் வாயைத் திறப்பதற்குள், “முடியும்!” என்று துரீட் போட்ட சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டது.